ஒரு பாலத்துக்கு ஒரு சட்டமா? ஆற்றின் குறுக்கே ரயில் பாலம், அரசின் அனுமதி

#1 கரையோரன்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பழைய சட்டத் தொகுதிகளைக் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத் தொகுதிகளில் ஒரே மாதிரியான குட்டிக் குட்டிச் சட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இன்ன ரயில் கம்பெனி, இன்ன ஆற்றின் குறுக்கே, இன்ன ஊருக்குப் பக்கத்தில் பாலம் கட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட இருக்காது. இரண்டு வருடம் கழித்து அதே பாலத்துக்கு இன்னொரு சட்டம்: வேலையைத் தொடங்கும் கெடுவும் முடிக்கும் கெடுவும் நீட்டிக்கப்படுகின்றன.

காரணத்தைத் தேடிப் போனால் 1899ஆம் வருடத்து ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவில் போய் நிற்கிறது. படகுப் போக்குவரத்து உள்ள எந்த ஆற்றின் மேலும் காங்கிரஸின் சம்மதம் இல்லாமல் பாலம் கட்டக்கூடாது. சம்மதம் கிடைத்த பிறகும் வரைபடத்தை ராணுவத் தலைமைப் பொறியாளரும் போர்த்துறைச் செயலரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு முழுவதும் ஒரே மாநிலத்துக்குள் ஓடினால் மட்டும் மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி போதும், ஆனால் வரைபட ஒப்புதல் அதற்கும் உண்டு. 1906இல் வந்த பொதுப் பாலச் சட்டம் நிபந்தனைகளை ஒரே அச்சில் வார்த்தது: ஒரு வருடத்துக்குள் தொடங்க வேண்டும், மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும். நீட்டிப்புச் சட்டங்கள் அத்தனை வந்தது அதனால்தான்.

என் கேள்வி இதுதான். ஒரு பாலம் கட்ட ஏன் நாட்டின் சட்டமன்றமே கூடிக் கை தூக்க வேண்டும்? ரயில்வேயிலும் சட்டத்திலும் அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

#2 ஓய்வுபெற்ற கர்டர்

ரயில்வேயில் பாலப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன். சட்டம் எனக்குத் தெரியாது, ரயில் ஏன் ஆற்றோடு மோதுகிறது என்பதைச் சொல்கிறேன்.

மாட்டு வண்டி செங்குத்தான மேட்டில்கூட ஏறிவிடும். ரயில் ஏறாது. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், உராய்வு குறைவு. 100 அடி போனால் ஒரு அடி ஏறுவதே சரக்கு ரயிலுக்குக் கனமான ஏற்றம். அப்படியென்றால் பாலத்தை 50 அடி உயர்த்த நினைத்தால் இரு கரையிலும் சுமார் 5,000 அடிக்கு மண்ணைக் கொட்டி அணுகுபாதை போட வேண்டும். தட்டையான ஆற்றுச் சமவெளியில் அந்த மண்ணையும் காசையும் யார் தருவார்கள்? ஆகவே கம்பெனிக்காரன் பாலத்தைத் தாழ்வாகத்தான் போடுவான். நடுவில் ஒரு கண்ணை (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதி) மட்டும் திறந்து மூடும்படி வைப்பான்.

படகுக்காரனுக்கு இது பிடிக்காது. தூண் இருக்கும் இடத்தில் நீரோட்டம் திரும்பும், சுழல் உண்டாகும். தூண்களை நீரோட்டத்துக்கு இணையாக நிறுத்தாவிட்டால் குறுக்கு ஓட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளும். இதை நானே ஆய்வுக்குப் போன இடங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெள்ள காலத்தில் தூணின் மூக்கில் தண்ணீர் கொதிப்பது போல இருக்கும்.

#3 வழக்குமன்றத் தூண்

கரையோரன் சார், உங்கள் கேள்விக்கு விடை அமெரிக்க அரசியலமைப்பில் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸிடம் உள்ளது. படகுப் போக்குவரத்தும் அந்த வணிகத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1824இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் வெகு காலம் காங்கிரஸ் பாலங்களைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. மாநிலங்கள் அனுமதி கொடுத்தன, படகுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்.

முதல் பெரிய வழக்கு ரயில் பாலத்தைப் பற்றியதுகூட இல்லை. ஒஹாயோ ஆற்றின் மேல் வீலிங் ஊரில் 1849இல் திறந்த தொங்கு பாலம். ஒரே கண், 1,010 அடி. கட்டியவர் சார்ல்ஸ் எலெட். வர்ஜீனியா அனுமதித்த பாலம் அது. மேல்நீரில் இருந்த பிட்ஸ்பர்க்குக்கு வயிற்றில் நெருப்பு. அங்கே கட்டிய பெரிய நீராவிப் படகுகளின் புகைபோக்கிகள் அத்தனை உயரம், வெள்ளம் ஏறினால் பாலத்துக்கு அடியில் நுழையாது. பென்சில்வேனியா மாநிலமே வழக்குப் போட்டது. 1852இல் உச்ச நீதிமன்றம் பாலத்தைத் தடை என்று அறிவித்தது. தாழ்நீர் மட்டத்திலிருந்து 111 அடிக்கு உயர்த்து, இல்லையென்றால் அகற்று என்றது.

அதே வருடம் ஆகஸ்ட் 31ஆம் தேதி காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. பாலம் இப்போதுள்ள இடத்தில், இப்போதுள்ள உயரத்தில், சட்டபூர்வமான கட்டுமானம். தபால் சாலையும் கூட. அதோடு விடவில்லை. படகுகள் தங்கள் புகைபோக்கிகளைப் பாலத்தில் இடிக்காதபடி அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதி வைத்தது. 1854இல் புயலில் பாலம் அறுந்து விழுந்தது, மறுபடி கட்டினார்கள், மறுபடி வழக்கு. 1856இல் நீதிமன்றம் காங்கிரஸின் சட்டத்துக்குத் தலை வணங்கியது.

இங்கேதான் விதை. ஆற்றில் எது தடை, எது தடை இல்லை என்பதைக் கடைசியாகச் சொல்லும் உரிமை காங்கிரஸுக்கு என்று அன்றைக்கு உறுதியானது. அப்புறம் கம்பெனிகள் என்ன செய்யும்? கட்டி முடித்து வழக்கில் மாட்டுவதைவிட முதலிலேயே காங்கிரஸிடம் போய்விடலாமே என்று வரிசையில் நின்றன.

#4 கரையோரன்

நன்றி சார். வீலிங் கதை தெரியும், புகைபோக்கி விவரம் தெரியாது.

ராக் ஐலண்ட் பாலத்தை நான் சேர்க்கிறேன், இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்ததே அதுதான். மிசிசிப்பியின் மேல் முதல் ரயில் பாலம், 1856 ஏப்ரலில் ஓட்டத்துக்கு வந்தது. காங்கிரஸ் தனியாக அனுமதி எதுவும் தரவில்லை, மாநிலம் கம்பெனிக்குத் தந்த உரிமைச் சாசனம்தான். ஆற்றின் நடுவே இருந்த ராக் ஐலண்ட் தீவு மத்திய அரசின் நிலம். போர்த்துறைச் செயலராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் எதிர்த்தார், தடை கேட்டு அரசு நீதிமன்றம் போனது, 1855இல் நீதிபதி ஜான் மக்லீன் தடை தர மறுத்தார்.

பாலம் திறந்து இரண்டு வாரம். மே 6ஆம் தேதி எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு திறந்த கண்ணைக் கடந்து மேலே போய்விட்டது. அப்போது ஒரு பக்கத்துச் சக்கரம் நின்றுபோக, நீரோட்டம் படகைத் திருப்பிக் கொண்டுவந்து தூணில் மோதியது. அடுப்பு கவிழ்ந்து தீப்பிடித்துப் படகு எரிந்தது, பாலத்தின் ஒரு கண்ணும் எரிந்து விழுந்தது. படகுக்காரர்கள் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1857 செப்டம்பரில் சிகாகோவில் விசாரணை, நீதிபதி அதே மக்லீன். பாலத்தின் பக்கம் வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கன் நேரில் போய் நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து வாதாடினார். ஆற்றில் மேலும் கீழும் போக ஒருவனுக்கு எத்தனை உரிமையோ, அதைக் குறுக்கே கடக்க இன்னொருவனுக்கும் அத்தனை உரிமை என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. கூடவே கணக்கு வைத்தார். பாலம் பழுது பார்க்கப்பட்ட 1856 செப்டம்பர் 8 முதல் அடுத்த ஆகஸ்ட் 8 வரை 12,586 சரக்குப் பெட்டிகளும் 74,179 பயணிகளும் கடந்திருக்கிறார்கள், அதே காலத்தில் ஆறோ ஏறக்குறைய நான்கு மாதம் பனியில் உறைந்து கிடந்திருக்கிறது. ஜூரிகள் ஒத்துப் போகவில்லை, தீர்ப்பில்லாமல் கலைக்கப்பட்டார்கள்.

அடுத்து அயோவாவில் இன்னொரு வழக்கு. அங்கிருந்த மத்திய நீதிமன்றம் தன் எல்லைக்குட்பட்ட அயோவாப் பக்கத்துப் பாலத்தை மட்டும் அகற்றச் சொன்னது. பாதிப் பாலத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? 1862இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கட்டிய பிறகு ஆறு வருடம் சண்டை. இதைவிடக் கட்டும் முன் அரைப் பக்கச் சட்டம் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

#5 நீர்வழிப்பையன்

அண்ணே, ஒரு விஷயம் சொல்லட்டுமா. லிங்கன் என்றதும் எல்லோரும் பாலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். நான் கப்பலில் வேலை பார்ப்பவன், தூத்துக்குடி. லூசியானா பக்கம் பல முறை வந்திருக்கிறேன், மிசிசிப்பியில் பார்ஜ் (சரக்கு ஏற்றும் தட்டைப் படகு) கோர்வைகளைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். மேல் மிசிசிப்பியில் வழக்கமான கோர்வை 15 பார்ஜ்: அகலத்தில் மூன்று, நீளத்தில் ஐந்து. ஒரு பார்ஜ் 35 அடி அகலம், ஆக 105 அடி. பின்னால் தள்ளும் படகையும் சேர்த்தால் நீளம் 1,100 அடிக்கு மேல். பிரேக் கிடையாது. வெள்ளத்தோடு கீழே இறங்கும்போது ஒரு மைலுக்கு முன்பே நேர்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பாலம் திறக்கவில்லை என்றால் நிறுத்த வழியில்லை.

ரயில் நிற்கும். படகு நிற்காது. ஆறு நிற்க விடாது. எஃபி ஆஃப்டனை யாரோ வேண்டுமென்றே மோதினார்கள் என்று அன்றைக்கே பேசினார்கள். அந்தக் குறுக்கு ஓட்டத்தில் ஒரு சக்கரம் நின்றுபோன படகை எந்த மாலுமியால் பிடித்து நிறுத்த முடியும்?

#6 ஓய்வுபெற்ற கர்டர்

தம்பி சொல்வது நியாயம். அமெரிக்காவில் பாலம் திறக்கும் விதிகளே அதை ஒப்புக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கின்றன. திறக்கக் கேட்கும் படகு ஒரு நீண்ட ஊதல், ஒரு குறு ஊதல் கொடுக்கும். பாலக்காரர் அதே மாதிரி திரும்ப ஊதினால் திறக்கிறார் என்று பொருள். ஐந்து குறு ஊதல் வந்தால் இப்போது முடியாது, நில். இப்போது ரேடியோ வந்துவிட்டது, ஆனாலும் விதி இருக்கிறது. தனியாக வேறு ஏற்பாடு எழுதப்படாத இடங்களில் படகு கேட்டால் திறக்க வேண்டும் என்பதுதான் பொது விதி.

#7 புதுச்சேரி வாசகி

ஒரு சின்னக் கேள்வி. "படகுப் போக்குவரத்து உள்ள ஆறு" என்று யார் முடிவு செய்வது? எங்கள் ஊர் வாய்க்காலில்கூட மழைக்காலத்தில் படகு ஓட்டலாமே.

#8 வழக்குமன்றத் தூண்

நல்ல கேள்வி அம்மா. இங்கிலாந்தின் பழைய அளவுகோல் கடல் ஓதம் ஏறும் இடம் வரைதான். ஆயிரக்கணக்கான மைல் உள்நாட்டு ஆறு ஓடும் அமெரிக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. மிச்சிகனின் கிராண்ட் ஆற்றில் ஓடிய டேனியல் பால் என்ற படகின் வழக்கில், 1871 வாக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது: நடைமுறையில் வணிகத்துக்குப் பயன்படுகிற, அல்லது இயல்பான நிலையில் பயன்படக்கூடிய ஆறு எதுவோ அதுவே. வழக்கமான நீர்வழி முறைகளில் வணிகம் நடக்கக்கூடியதா என்றுதான் கேட்பார்கள், மழைக்கால வாய்க்கால் தேறுவது கடினம்.

இந்தக் கோட்டுக்கு வெளியே விழும் நீர்களில்தான் எனக்குப் பயம். 1993 செப்டம்பர் 22, அலபாமா. மொபைல் ஆற்றில் மூடுபனியில் வழி தவறிய பார்ஜ் கோர்வை ஒன்று, வணிகப் படகு போகாத பிக் பாயு கனோ என்ற கிளைநீரில் நுழைந்து ரயில் பாலத்தில் மோதியது. அந்தக் கண், நடுத்தூணின் மேல் கிடையாகத் திரும்பும் சுழல் பாலமாக மாற்றும்படி வடிவமைக்கப்பட்டது. கடைசிவரை மாற்றவில்லை, ஆனால் பக்கவாட்டில் நகராதபடி இறுக்கவும் இல்லை. மோதியதில் சுமார் 38 அங்குலம் தள்ளிப்போனது. தண்டவாளம் வளைந்ததே தவிர அறுபடவில்லை, அதில் ஓடும் சிக்னல் மின்னோட்டம் தடைபடவில்லை, அதனால் சிக்னல் சிவப்பாகவில்லை. சில நிமிடங்களில் சன்செட் லிமிடெட் என்ற பயணிகள் ரயில் வந்தது. 47 பேர் இறந்தார்கள்.

#9 புதுச்சேரி வாசகி

சிக்னல் பச்சையாகவே இருந்தது என்பதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

#10 கரையோரன்

அந்த விபத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. படகே போகாது என்று நினைத்த நீரில் பாலத்தைப் படகிலிருந்து காப்பாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அளவு விஷயத்துக்கு வருகிறேன், அனுமதியின் உண்மையான உள்ளடக்கம் அதுதானே. 1862இல் ஸ்டூபன்வில் பாலத்துக்காக ஒஹாயோ ஆற்றின் மேல் காங்கிரஸ் கேட்டது: படகுப் பாதைக் கண் குறைந்தது 300 அடி, தாழ்நீரிலிருந்து 90 அடி உயரம். ஜேக்கப் லின்வில் 320 அடி இரும்புக் கண் கட்டினார். அந்த நீளத்துக்கு இரும்பு டிரஸ் (முக்கோணச் சட்டங்களால் ஆன கட்டமைப்பு) அதற்கு முன் அமெரிக்காவில் பழக்கமில்லை. 1866இல் மிசிசிப்பிப் பாலங்கள் பலவற்றுக்கு ஒரே சட்டம். திறக்கும் பாலம் என்றால் சுழலும் கண்ணின் இரு பக்கமும் 160 அடி வழி வேண்டும். மிசிசிப்பிக் கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரத்துக்குத் தனிச் சலுகை இல்லை, தனிக் கண்டிப்பு: திறக்கும் பாலமே கூடாது, ஒரு கண்ணாவது 500 அடி, அல்லது இரண்டு கண்கள் 350 அடி.

500 அடி என்று எழுதியவர்களில் சிலர் அதைக் கட்டவே முடியாது என்று நம்பித்தான் எழுதியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். பொறியாளர் ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிவிட்டார். 502, 520, 502 அடியில் மூன்று எஃகு வளைவுகள். 1874 ஜூலை 4 திறப்பு விழா. அதற்கு முந்தைய வருடம், வளைவுகள் எழும்பி நிற்கும்போது, படகுக்காரர்களின் புகாரை வைத்துப் போர்த்துறைச் செயலர் பெல்க்னாப் ராணுவப் பொறியாளர் குழுவை அனுப்பினார். குழு பாலத்தின் ஓரமாகப் படகுக்கென்று தனிக் கால்வாய் வெட்டச் சொன்னது. ஈட்ஸ் ஜனாதிபதி கிரான்ட்டிடம் போனார், அந்தத் திட்டம் அதோடு கைவிடப்பட்டது. காங்கிரஸ் கொடுத்த அளவுப்படி கட்டினேன் என்ற ஒரே பதில்தான் அவரைக் காப்பாற்றியது. அனுமதிச் சட்டம் கட்டுபவனைக் கட்டுப்படுத்துவது மட்டுமில்லை, கட்டியவனுக்குக் கேடயமும் அதுதான்.

#11 வழக்குமன்றத் தூண்

கேடயம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குட்டிச் சட்டங்களின் கடைசி வரியைப் பாருங்கள்: இச்சட்டத்தைத் திருத்தவோ ரத்து செய்யவோ காங்கிரஸுக்கு உள்ள உரிமை இதனால் காத்துக்கொள்ளப்படுகிறது. அனுமதி தந்த கை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

1907இல் யூனியன் பிரிட்ஜ் வழக்கு. பிட்ஸ்பர்க்கில் அலெகேனி ஆற்றின் மேல் மாநிலச் சாசனப்படி முறையாகக் கட்டிய பாலம். வருடங்கள் கழித்துப் போர்த்துறைச் செயலர் அது நியாயமற்ற தடை, மாற்றிக் கட்டு என்றார். நஷ்ட ஈடு? ஒரு காசு கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். ஆற்றின் மேல் கட்டிய எவரும் அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டே கட்டினார்கள் என்பது தர்க்கம். படகு பெரிதாகிக்கொண்டே போகும், செலவு பாலக்காரன் தலையில். இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

#12 நீர்வழிப்பையன்

அந்த அநியாயத்தை 1940இல் சரி செய்துவிட்டார்களே சார்! ட்ரூமன்-ஹாப்ஸ் சட்டம். பிறகு ஜனாதிபதியான அதே ஹாரி ட்ரூமன், அப்போது செனட்டர். பாலம் தடை என்று அறிவித்தால் மாற்றும் செலவை அரசும் உரிமையாளரும் பங்கு போடுவார்கள். புதுப் பாலத்தால் ரயில் கம்பெனிக்குக் கிடைக்கும் நன்மைக்கு, கூடுதல் பளு தாங்குவது, கூடுதல் ஆயுள், இவற்றுக்குக் கம்பெனி கொடுக்கும். படகுக்காக மட்டும் ஆகும் செலவு அரசுடையது. இந்த ஏற்பாட்டில்தான் பல பழைய சுழல் பாலங்கள் போய்த் தூக்குப் பாலங்கள் வந்தன. அயோவாவின் பர்லிங்டனில் அப்படித்தான்.

#13 வழக்குமன்றத் தூண்

ஏற்கிறேன் தம்பி. ஆனால் பல கம்பெனிகள் தங்கள் பணத்தில் இடித்துக் கட்டி முடித்த பிறகு வந்த நியாயம் அது.

கரையோரன் சாரின் முதல் கேள்விக்கான மீதி விடையும் இருக்கிறது. அந்தக் குட்டிச் சட்டங்கள் எப்போது நின்றன என்றால் 1946இல். காங்கிரஸ் தன் வேலைச்சுமையைக் குறைக்க ஒரு மறுசீரமைப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் ஒரு பகுதிதான் புதிய பொதுப் பாலச் சட்டம். எல்லாப் பாலத்துக்கும் மொத்தமாக ஒரே சம்மதம், இனி வரைபட ஒப்புதல் மட்டும் போதும். 1967இல் அந்த ஒப்புதல் அதிகாரம் ராணுவப் பொறியாளர்களிடமிருந்து கடலோரக் காவல்படைக்குப் போனது, இன்றும் அங்கேதான். ரயில் பாலம் கட்ட கடலோரக் காவல்படையின் பர்மிட் என்று கேட்டால் விசித்திரமாக இருக்கும், வழி இதுதான்.

#14 ஓய்வுபெற்ற கர்டர்

நம்மவர்களுக்குப் பிடித்தமான ஒன்றைச் சொல்கிறேன், வலிந்து இழுக்கவில்லை, உண்மையான தொடர்பு. சுழல் பாலத்தின் பெரிய குறை நடுத்தூண். ஆற்றின் நல்ல ஆழத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். சிகாகோ ஆறு குறுகல், அங்கே நடுத்தூண்கள் கப்பல்களுக்குப் பெரிய தொல்லை. நடுத்தூண் இல்லாமல் இரு கரையிலிருந்தும் இலை போல மடிந்து எழும் பாலம் வேண்டும் என்ற நெருக்கடியில் வில்லியம் ஷெர்சர் உருளும் தூக்குப் பாலத்தை வடிவமைத்தார். 1890களில் சிகாகோவில் முதல்முதலாகக் கட்டியவற்றில் ஒன்று உயர்மட்ட ரயிலுக்கானது.

அந்த ஷெர்சர் கண்தான் 1914இல் பாம்பனுக்கு வந்தது. ஆட்கள் நெம்புகோலைத் தள்ளித் தள்ளி இரண்டு இலையையும் தூக்குவதைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். இப்போதுள்ள புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் கண் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, 2025 ஏப்ரல் 6 முதல். பாம்பனில் அது கடல் கால்வாய், ஆறு இல்லை. ஆனால் கப்பலுக்கு வழிவிட ரயில் காத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்.

#15 புதுச்சேரி வாசகி

ஐயா, பாம்பன் இலைக்குப் பின்னால் சிகாகோ ஆற்றின் நடுத்தூண் இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரியும். என் அப்பா என்னைத் தோளில் தூக்கி அந்தப் பாலம் திறப்பதைக் காட்டியிருக்கிறார்.

இப்போது அமெரிக்காவில் படகு குறைந்து ரயில் கூடிவிட்ட ஆறுகளில் என்ன செய்கிறார்கள்? அங்கும் படகுக்கே முதல் வழியா?

#16 நீர்வழிப்பையன்

நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் ஆற்றின் மேல் போர்ட்டல் பாலம் என்று ஒன்று. 1910 சுழல் பாலம், தண்ணீரிலிருந்து 23 அடிதான். நியூ ஜெர்சி வழியாக நியூயார்க்கின் பென் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில்கள் எல்லாம் அதன் மேல். படகுக்காகத் திறந்த பாலம் திரும்பச் சரியாகப் பொருந்தாமல் போய், ஆட்கள் பெரிய சுத்தியலால் தட்டி உட்காரவைத்த நாட்கள் உண்டு, அத்தனை ரயிலும் வரிசையில். கடலோரக் காவல்படையே வேலைநாட்களில் காலை மாலை நெரிசல் நேரத்தில் திறக்க வேண்டாம் என்று விதி எழுதிவிட்டது. 2022இல் பக்கத்தில் 50 அடி உயரத்தில் திறக்காத பாலமே கட்டத் தொடங்கினார்கள். 1850களில் படகுக்காரன் என்ன கேட்டானோ, அதே உயரப் பாலத்தை 170 வருடம் கழித்து ரயில்காரனே கேட்டு வாங்குகிறான். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

#17 கரையோரன்

போன வருடம் மகளைப் பார்க்கப் போனபோது ராக் ஐலண்ட் வரை போய்வந்தேன். எஃபி ஆஃப்டன் மோதிய பாலம் இப்போது இல்லை. கொஞ்சம் தள்ளி, அரசே கட்டிய 1896ஆம் வருடத்துப் பாலம் நிற்கிறது, ரால்ஃப் மோஜெஸ்கியின் வடிவமைப்பு. மேலே ரயில், கீழே சாலை. சுழலும் கண் முழு வட்டமும் சுற்றும். பிறகு கட்டிய 15ஆம் எண் அணையின் படகு மதகு (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் தொட்டி) சரியாக அந்தக் கண்ணுக்கு அடியில் வருகிறது.

பார்வையாளர் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். பார்ஜ் கோர்வை மதகுக்குள் அங்குலம் அங்குலமாக நுழைந்தது. பாலம் ஏற்கனவே திரும்பி வழிவிட்டு நின்றது, சாலையில் கார்கள் வரிசை. தள்ளும் படகின் மாடியில் இருந்தவர் பாலத்து அறையில் இருந்தவருக்குக் கை காட்டினார். அவரும் காட்டினார். ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.